கால் எடுத்தால் வரும் சத்தம்

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, கிரௌன் போயிடுச்சு, பேரிங் போயிடுச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "எது போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ சத்தத்த மட்டும் சொல்லு. வாயால சொல்லு" என்பார். அதனால் முறுக்கிய மீசைக்காரர்கள் எல்லாம் ஷெட் வாசலில் நின்றுகொண்டு "ஊங்ங்" என்றும் "கொர் கொர்" என்றும் "லொடக்கு லொடக்கு" என்றும் கத்திக் காட்டுவார்கள். என் லேத்துப் பட்டறை அடுத்த கதவு. புதிதாக வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "பக்கத்துல மாட்டாஸ்பத்திரியா லேத்தண்ணே?" என்று கேட்டதுண்டு.

சிரிப்புக்கு இடமாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அது பலித்தது. கொர் கொர் என்றால் சக்கரத்துப் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் கடக் கடக் என்றால் உள்ளே இருக்கிற சின்னப் பற்கள். ஊங் என்று ஊளையிட்டால் அடுத்த கேள்வி கேட்பார்: "கால் வச்சா வருதா, கால் எடுத்தா வருதா?" ஆக்சிலேட்டரில் கால் வைத்து இழுக்கும்போது ஊளையிட்டால் ஒரு நோய், காலை எடுத்து வண்டியைத் தானாக ஓட விடும்போது ஊளையிட்டால் வேறு நோய். இந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னவன் வண்டி ஒரே தடவையில் சரியாகிப் போகும். இதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

அவருடைய தங்கச்சி ஒரு காலை நேரத்தில் தனியாக நடந்து வந்தாள். அவளைத் தெருவில் நாங்கள் எல்லோருமே தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள் புருஷனும் எல்லோருக்கும் மாப்பிள்ளைதான். சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்திருந்தார். மலைமேல் இருக்கிற குவாரியிலிருந்து கீழே கல் இறக்குவது வேலை. கூடப் போய்க்கொண்டிருந்த கிளீனர் கல்யாணம் செய்துகொண்டு வேறு பக்கம் போய்விட, அன்றிலிருந்து கிளீனர் சீட்டில் தங்கச்சிதான். அவர்களுக்கு அந்த வண்டிதான் சோறு.

"அண்ணே, வண்டி பின்னாடி சத்தம் வருது" என்றாள். உட்காரக்கூட இல்லை.

"எப்படி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அண்ணனாக இருந்தாலும் வாயால் காட்டாமல் விட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். புடவைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு, "ஊஈஈங்" என்றாள். மெல்லிய, ஊசி போன்ற சத்தம்.

"கால் வச்சாவா, எடுத்தாவா?"

"எடுத்தா. லோடோட இறங்கறப்போ, அவரு கால எடுத்ததும் ஆரம்பிக்குது. கால் வச்சா நின்னுடுது."

"மாப்ள என்ன சொல்றான்?"

"சத்தமே இல்லன்னு சாதிக்கிறாரு. எனக்குப் பிரமையாம். மலைய பாத்தா பயமாம், அதான் கண்டதும் கேக்குதாம். நேத்து நான் எறங்கி நின்னுட்டேன்ணே. இத சரி பண்ணாம ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து பேச்சு இல்ல."

"நேத்துதானடி எறங்கின?"

"பேச்சு நின்னது போன வாரமே" என்றாள். கண் கலங்கிவிட்டது. "நான் சொல்றத என்னிக்குண்ணே அவரு காதுல வாங்கியிருக்காரு? கூப்பிட்டா திரும்பறதில்ல. கேட்டா பதில் இல்ல. நான் ஒருத்தி இருக்கேங்கறதே மறந்துபோச்சு அவருக்கு. அது போவட்டும். அந்தச் சத்தம் நல்ல சத்தம் இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவள் போன பிறகு மெக்கானிக் எடுத்த ஸ்பானரைத் திரும்பப் பலகை மேலேயே வைத்துவிட்டார். நான்தான் கேட்டேன், "என்ன ஆகும்?"

"பின் அச்சு நடுவுல பானை மாதிரி இருக்கே, அந்தக் கூட்டுக்குள்ள பல்லு ஒண்ணு ஒடஞ்சு சிக்கினா ரெண்டு பின் சக்கரமும் புடிச்சுக்கும். சமதரையில புடிச்சா டயர் தேயும். லோடோட மலை எறக்கத்துல புடிச்சா..."

மறுநாள் மாப்பிள்ளையே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரிய உடம்பு, கொஞ்சம் அதட்டலான குரல். அவர் பேசினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். குரலே அப்படி அமைந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், உங்க தங்கச்சிக்காக வந்தேன். வண்டி நல்லா இருக்கு. அவளுக்குத்தான் ரிப்பேர்" என்றார் சிரித்துக்கொண்டே. ரிப்பேருக்கு என்பதால் ஏறி வந்திருந்த தங்கச்சி மறுபக்கத்திலிருந்து இறங்கி, சிரிக்காமல், பழைய டயர் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் பின் அச்சைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும்படி வண்டியை ஓட விட்டார். நீள இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையை அந்தக் கூட்டின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சாதுவாக இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் மாப்பிள்ளை.

"லோடு இல்லாம எது பேசும்? சும்மா இருக்கறப்போ நீயும் நானும்கூட நல்லவந்தான்" என்றார் மெக்கானிக். பிறகு மாப்பிள்ளைக்கு எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். "மாப்ள, விளையாட்ட விடு. நெஞ்சத் தொட்டுச் சொல்லு. சத்தம் வருதா, இல்லையா?"

மாப்பிள்ளை டயர் பக்கம் ஒரு முறை பார்த்தார். தங்கச்சி தலை குனிந்து நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச்சு இல்லாத ஒரு வாரம் அவருக்கும் பாரமாகத்தான் இருந்திருக்கும்.

"வருது மச்சான். கொஞ்சமா."

"எப்படி?"

"ஊங்னு."

"கால் வச்சாவா, எடுத்தாவா?"

ஒரு நொடி தாமதித்தார். "வச்சா."

"எடுத்தா" என்றாள் தங்கச்சி பின்னாலிருந்து. மாப்பிள்ளை திரும்பவில்லை.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணனாக யோசித்தாரா, மெக்கானிக்காக யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. "தங்கச்சி, ஆக்சிலேட்டர் மேல யாரு கால் இருக்கு? அவன் காலுதான? அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கம். ஓட்டுகிறவன் சொல்வதுதான் வாக்கு, கூட உட்கார்ந்து வருகிறவன் சொல்வது கதை. எனக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது.

வேலை ஆரம்பமானது. மழை வருவது போல மூட்டம் போட்டு, வராமல், புழுக்கம் மட்டும் இருந்த நாட்கள் அவை. அடியில் படுத்து எண்ணெயை வடித்தார்கள்; கருப்பாக, தார் போல இறங்கியது. இரண்டு பக்கத்துத் தண்டுகளையும் உருவி, நடுக் கூட்டைச் சங்கிலி போட்டு இறக்கி, பலகை மேல் வைத்து டீசலில் கழுவினார்கள். பெரிய பல்சக்கரத்தில், கிரௌனில், இழுக்கும்போது அழுத்தம் விழுகிற பக்கத்தில் கொஞ்சம் தேய்மானம் இருந்தது. "இதான். சொன்னான்ல" என்றார் மெக்கானிக் திருப்தியாக. கொஞ்சம் தேய்மானம் எந்தப் பழைய வண்டியைப் பிரித்தாலும் இருக்கும். தேடுகிற கண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பல்லில் சாயம் பூசி உருட்டி, சாயம் எங்கே அழிகிறது என்று பார்த்து, பெரிய சக்கரத்தை ஒரு மயிரிழை தள்ளி வைக்க மெல்லிய தகடுகள் கேட்டார். நான் வெட்டி, தேய்த்து, அளந்து கொடுத்தேன். முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை, பினியனை, கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அதன் பேரிங்கைக் கழற்றவில்லை. கால் வைத்தால் வருகிற சத்தத்துக்கு அதைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

மதியம் தங்கச்சி தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தாள். அண்ணனுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. மாப்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தாங்க. ஆறிடும்."

அசையவில்லை. அவள் மூடியைப் பட்டென்று சாத்தினாள். "பாத்தீங்களாண்ணே? வலிய வந்து பேசறேன். அதுக்கும் இந்த மரியாத."

"ஏதோ யோசனையில இருப்பாரும்மா."

"எப்பவுமே யோசனதான். குவாரியில வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்போ பின்னாடி நின்னு வா வான்னு சொல்லுவேன். ஒரு நாளு, இனிமே கத்தாத, நிறுத்தணும்னா வண்டி பாடிய ரெண்டு தட்டுத் தட்டு, போதும்னுட்டாரு. அத்தன பேர் முன்னாடி பொண்டாட்டி குரல் கேட்டா கௌரவம் கொறஞ்சுடும் பாருங்க." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எனக்கென்ன, தட்டறேன். கை வலிச்சாலும் தட்டறேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூக்கை நுழைத்து அடிபட்ட அனுபவம் எனக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. பிறகு மெக்கானிக் எழுந்துபோய் அவர் தோளைத் தொட, மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பி, "ஓ, சாப்பாடா" என்று எழுந்து வந்தார். தங்கச்சி தட்டை வைத்த வேகத்தில் சோறு சிதறியது.

கூட்டை ஏற்றி, புது எண்ணெய் ஊற்றி, வண்டி தயாரானது. "லோடு போட்டுப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். எல்லாரும் வாங்க" என்றார் மெக்கானிக். என் தகடு உள்ளே இருப்பதால் என்னையும் கூப்பிட்டார். தங்கச்சி வர மாட்டேன் என்றாள். அண்ணன் கையைப் பிடித்து ஏற்றினார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், அடுத்து மெக்கானிக், அடுத்து நான், ஜன்னலோரம் தங்கச்சி. ஏறும்போது வண்டி காலி, நன்றாகவே ஏறியது. மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்ப்பது ஒரு சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த வளைவில் எந்தக் கியர் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. குவாரியில் கல்லை நிரப்பினார்கள். வண்டி அமுங்கி, ஸ்பிரிங் தகடுகள் நேராகி, ஒரு பெருமூச்சோடு கிளம்பியது.

முதல் வளைவைத் தாண்டியதும் நேரான நீள இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மாப்பிள்ளை கியரைக் குறைத்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

எங்கள் இருக்கைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. ஊஈஈங். தங்கச்சி அன்றைக்குத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, அதே சத்தம்; அச்சு அசல். எஞ்சின் உறுமலுக்கு மேலே மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்தது போல நின்றது. தங்கச்சியின் கை முன்னால் இருந்த கம்பியை இறுக்கிக்கொண்டது. மெக்கானிக் காதைப் பின்பக்கமாகச் சாய்த்தார். தப்பான இடத்தைப் பிரித்து வைத்துவிட்டோம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"பாத்தீங்களா மச்சான்? சுத்தமா போயிடுச்சு" என்றார்.

ஊஈஈங்.

"கைன்னா உங்க கைதான். எப்படி வழுக்கிக்கிட்டு எறங்குது பாருங்க. இவகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவாவது நம்பட்டும்."

எத்தனையோ பேர் என் பட்டறை வாசலில் நின்று பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இவர் பொய் சொல்லவில்லை. சத்தம் எங்கள் காதைக் குடைந்துகொண்டிருக்க, அந்த மனிதர் அமைதியான ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பதில் வராததால் திரும்பி எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தங்கச்சி முகத்தில் வந்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"ஓரமா நிறுத்து மாப்ள" என்றார் மெக்கானிக்.

பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். மெக்கானிக் எங்களைத் தாண்டிக் குதித்துப் போய்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். கீழே எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது.

"இன்னும் வருதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. மச்சானைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

அத்தனை நாள் வைராக்கியமாக இருந்தவள். "வருதுங்க" என்றாள் மெதுவாக. அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"இப்பவுமா?"

"நீங்க போயிடுச்சுன்னு சொன்னப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வரும்.

"எங்கிட்ட ஏன்யா கால் வச்சா வருதுன்னு சொன்ன? எடுத்தான்னு சொல்லியிருந்தா பினியன் பேரிங்க கழட்டியிருப்பேன். அவ சொன்னாளே! அவள வாய மூடுன்னுட்டு உன் பேச்ச நம்பினேனே!"

"கேட்டாத்தான மச்சான் தெரியும்?" என்றார் மாப்பிள்ளை. முதல் தடவையாக அவர் குரல் தணிந்து இருந்தது. "இவளுக்காக வருதுன்னு ஒத்துக்கிட்டேன். நீங்க வச்சாவா எடுத்தாவான்னு கேட்டீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லணுமே. நெறைய வண்டிக்கு வச்சாத்தான வரும், அதச் சொல்லிட்டேன்."

"எப்பலேர்ந்து இது?"

"தெரியல. ரொம்ப நாளாச்சு. திரும்பறதுக்கு இண்டிகேட்டர் போட்டா டிக் டிக்னு அடிக்கும்ல? ஒரு நாளு அது அடிக்கல. அத அடிக்க வைக்கற ரிலே போயிடுச்சுன்னு கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். அதுவும் அடிக்கல. போலி சரக்கு குடுத்துட்டான்னு கடக்காரன்கிட்டப் போய்ச் சண்ட போட்டேன். அவன் என் முன்னாடியே மாட்டிக் காட்டறான். வெளக்கு எரியுது. அவன் தலைய ஆட்டறான், அடிக்குது பாரு, அடிக்குது பாருன்னு." அவர் நிறுத்தினார். "அன்னிக்குத் தெரிஞ்சுது. ஹாரன் கேக்குது, எஞ்சின் கேக்குது, எதிர்ல நின்னு பேசினா கேக்குது. மெல்லிசா இருக்கறதுதான் வரமாட்டேங்குது. சமாளிச்சிடலாம்னு நெனச்சேன் மச்சான். சொன்னா எறங்குன்னு சொல்லிடுவீங்க. எறங்கிட்டா நான் யாரு?"

மெக்கானிக் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சமும் இருந்தது. பார்க்கவே என்னவோ போல் இருந்தது. என்னைத் தாண்டிக் குனிந்து அவரைக் கேட்டாள். "அப்போ நான் கூப்பிட்டதெல்லாம் உங்களுக்குக் கேக்கலையா? பின்னாடி நின்னு கூப்பிட்டது, அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டது, எல்லாமே? நான் பாட்டுக்கு, இவரு நம்மள ஒரு மனுஷியாவே மதிக்கலன்னு நெனச்சுக்கிட்டு..."

ஆமாம், கேக்கல என்று சொல்லிவிடு மாப்பிள்ளை என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தைதான். இத்தனை வருஷத்து மனக்குறையும் அதோடு கழிந்துபோகும். அவளுக்கும் அதுதான் வேண்டும்.

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாதி கேக்கல" என்றார்.

"மீதி?"

"மீதி கேட்டுச்சு."

அவள் மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டும் திரும்பல. அசதி, எரிச்சல், ஏதோ ஒண்ணு. அப்புறம் காது மந்தமாச்சா, அது ஒரு சாக்கா போயிடுச்சு. எது கேக்காம விட்டது, எது கேட்டு விட்டதுன்னு இப்போ கேட்டா எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. எல்லாத்தையும் காது மேல போட்டா அது பொய். உங்கிட்ட இனிமே பொய் சொல்ல முடியாது. பாதி நான்தான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னாள். "காதுக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். அந்த மீதிப் பாதிக்கு வீட்டுக்கு வாங்க, நான் வச்சிக்கிறேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கல்லை அங்கேயே ஓரமாகக் கொட்டிவிட்டு, காலி வண்டியை மெதுவாக இறக்குவது என்று முடிவானது. மெக்கானிக் தானே ஓட்டுவதாகச் சொல்லவில்லை. சொல்லத் துணியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளையே சாவியைத் தொட்டுப் பார்த்தார். எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, "நீங்க இந்தப் பக்கம் வாங்க மச்சான்" என்று கதவைத் திறந்து இறங்கினார்.

வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி நடந்தார். அவசரமே இல்லை. தங்கச்சி உள்ளே நகர்ந்துகொள்ள, நானும் இறங்கி வழிவிட்டு நின்றேன். கிளீனர் பக்கத்துப் படியில் காலை வைத்தவர், எம்பாமல் நின்றார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தப் பக்கமாக ஏறியதே இல்லை. பிடித்து ஏறுகிற கைப்பிடி கதவின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் அவர் கை தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் வாயெடுக்குமுன் தங்கச்சி இருக்கையிலிருந்து குனிந்து கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.